திருட்டு சந்தேகத்துல வேலை போச்சு, கோர்ட்டுக்குப் போனா என்ன பார்ப்பாங்க? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஸ்டாக் குறையுது, இல்ல கல்லாவுல பணம் குறையுது. அந்த ஷிஃப்ட்ல யார் யார் இருந்தாங்கன்னு லிஸ்ட் எடுக்கறாங்க, அதுல உங்க பேரும் இருக்கு, ஒரு மாசத்துல கையில டிஸ்மிஸ் ஆர்டர். நான் வக்கீல் இல்லீங்க. கூட வேலை பார்த்தவங்களுக்காக டொமெஸ்டிக் என்கொயரியில (கம்பெனியே உள்ளுக்குள்ள நடத்தற விசாரணை) பக்கத்துல உக்காந்து குறுக்கு கேள்வி கேட்ட ஆளு, அவ்வளவுதான். திரும்பத் திரும்ப என்கிட்ட வர்ற கேள்விங்களை ஒரே இடத்துல போட்டு வைக்கறேன். ஒவ்வொரு நாட்டுலயும் சட்டம் வேற, அதனால எந்த நாட்டு தீர்ப்புன்னு அங்கங்கே சொல்லிடறேன்.

நான் எடுக்கலைன்னு கோர்ட்ல நிரூபிச்சா வேலை திரும்பக் கிடைச்சிடுமா?

எல்லாரும் முதல்ல கேக்கறது இதைத்தான், ஆனா கோர்ட்டு முதல்ல கேக்கறது வேற. உங்களை வேலையை விட்டு அனுப்பினாரே ஒரு மேனேஜர், அன்னிக்கு அவர் கையில என்ன இருந்துச்சு, அதை வச்சு ஒழுங்கா விசாரிச்சாரா, அந்த முடிவுக்கு வர்றதுக்கு அதுல இடம் இருந்துச்சா, இதைத்தான் நோண்டுவாங்க.

இங்கிலாந்துல 1978-ல பிரிட்டிஷ் ஹோம் ஸ்டோர்ஸ் கம்பெனி கேஸ் ஒண்ணு. ஊழியர்கள் கடையில பொருள் வாங்கறதுல தில்லுமுல்லு நடந்துச்சு, அதுல ஒரு சேல்ஸ் பொண்ணுக்கும் பங்கு இருக்குன்னு சந்தேகப்பட்டு வேலையை விட்டு அனுப்பினாங்க. அந்த தீர்ப்புல இருந்து வந்த மூணு கேள்வியைத்தான் இன்னிக்கும் அங்க வச்சு பார்க்கறாங்க: முதலாளி உண்மையிலேயே அப்படி நம்பினாரா, நம்பறதுக்கு நியாயமான ஆதாரம் இருந்துச்சா, அந்த சூழ்நிலைக்கு ஏத்த அளவு விசாரிச்சாரா. நீங்க எடுத்தீங்களா இல்லையாங்கறது அந்த மூணுல எங்கயும் நேரா வரல பாருங்க. கேக்க வயித்தெரிச்சலாத்தான் இருக்கும், ஆனா இதைப் புரிஞ்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானா விளங்கிடும், கேஸை எங்க இருந்து கட்டணும்னும் தெரிஞ்சிடும்.

வெறும் சந்தேகத்துக்காக அனுப்பறது செல்லுமா?

நாட்டுக்கு நாடு மாறுது. இந்தியாவுல சுப்ரீம் கோர்ட் 1963-லயே எச்.சி. கோயல் கேஸ்ல சொல்லிடுச்சு, டொமெஸ்டிக் என்கொயரியா இருந்தாலும் சந்தேகம் ஆதாரத்தோட இடத்துல போய் உக்காரக் கூடாதுன்னு. ஜெர்மனியில நேர் எதிர், அங்க சந்தேகத்துக்காகவே பணிநீக்கம்னு தனியா ஒரு வகையே வச்சிருக்காங்க, ஆனா அதுக்குப் போடற கண்டிஷனைப் பார்த்தா நம்ம ஊர் ஹெச்.ஆர் பாதி பேர் மயக்கம் போட்டுடுவாங்க. சந்தேகம் ரொம்ப பலமா இருக்கணும், அதுவும் கண்ணால பார்க்கற மாதிரி உண்மைங்க மேல நிக்கணும், முதலாளி தன்னால முடிஞ்ச அளவு தோண்டிப் பார்த்திருக்கணும், முக்கியமா அந்த ஊழியரைக் கூப்பிட்டு அவர் பக்கத்தைக் கேட்டிருக்கணும். கேக்காம அனுப்பினா சந்தேகம் எவ்வளவு பலமா இருந்தாலும் பொதுவா நிக்காது. அதுக்கு மேல, உடனடி பணிநீக்கம்னா விஷயம் முழுசா தெரிஞ்ச நாள்ல இருந்து ரெண்டு வாரத்துக்குள்ள முடிவெடுக்கணும், ஆறு மாசம் ஊறப்போட்டு அப்புறம் வந்து நம்பிக்கை போச்சுன்னு சொல்ல முடியாது.

இங்கிலாந்து ரெண்டுக்கும் நடுவுல. நியாயமான நம்பிக்கை இருந்தா போதும், ஆனா அது விசாரிச்சு வந்த நம்பிக்கையா இருக்கணும்.

போலீஸ் கேஸ்ல விடுதலை ஆயிட்டேன், அப்போ டிஸ்மிஸலும் தானா போயிடுமா?

போகாது. கிரிமினல் கோர்ட்டுக்கு சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்கணும், என்கொயரிக்கு நடந்திருக்க வாய்ப்பு அதிகம்னு பட்டாலே போதும். அளவுகோலே வேற, அதனால அங்க பாஸ் ஆனவர் இங்க ஃபெயில் ஆகலாம்.

ஆனா விதிவிலக்கு உண்டு, அதுக்கு நல்ல உதாரணம் பாரத் கோல்ட் மைன்ஸ் கேஸ், இந்திய சுப்ரீம் கோர்ட், 1999. கோலார் தங்க வயல்ல செக்யூரிட்டி ஆபீஸரா இருந்தவர் வீட்டை 1985-ல போலீஸ் சோதனை போட்டு 4.5 கிராம் தங்க உருண்டையும் தங்கம் கலந்த மண்ணும் எடுத்ததா சொன்னாங்க. சஸ்பெண்ட் பண்ணிட்டு, சஸ்பென்ஷன் காலத்துல தர வேண்டிய பிழைப்பூதியத்தைக் கூட தரல. கையில காசில்லாத மனுஷன் விசாரணைக்கு எப்படி வருவாரு? அவர் இல்லாமலே என்கொயரியை முடிச்சு டிஸ்மிஸ். அப்புறம் கிரிமினல் கோர்ட்டு அந்த சோதனையையே நம்பாம அவரை விடுதலை பண்ணிடுச்சு. ரெண்டு இடத்துலயும் அதே சம்பவம், அதே சாட்சிங்க, கிரிமினல் கோர்ட்டு அந்த சாட்சியத்தையே தூக்கிப் போட்டப்புறம் என்கொயரி முடிவை மட்டும் நிக்க விடறது நியாயமில்லைன்னு சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் வேலை கொடுக்கச் சொல்லிச்சு. பிழைப்பூதியம் தராததும் விசாரணையைக் கெடுத்துடுச்சுன்னு சேர்த்தே சொல்லிச்சு.

சோ, உங்க விடுதலை எப்படிப்பட்டதுன்னு பாருங்க. சாட்சி பல்டி அடிச்சு வந்த விடுதலையா, சம்பவமே நடக்கலைன்னு வந்ததா? ரெண்டாவதா இருந்தா பேசறதுக்கு நிறைய இருக்கு.

"ஒத்துக்கிட்டேன்"னு எழுதி வாங்கிட்டாங்க. எல்லாம் முடிஞ்சுதா?

அந்த ரூமை நான் பார்த்திருக்கேன். மூணு பேர் அந்தப் பக்கம், நீங்க இந்தப் பக்கம். போன் மேஜை மேல, ஸ்க்ரீன் கீழ பார்த்து. ஒரு வெள்ளை பேப்பர், மேல ஒரு பேனா. "எழுதி கொடுத்துட்டு போ, போலீஸுக்கெல்லாம் போகல, பணத்தை மட்டும் கட்டிடு"ன்னு மென்மையா ஒருத்தர், கதவு பக்கத்துல சும்மா நின்னுக்கிட்டு இன்னொருத்தர். சொல்லச் சொல்ல எழுதறீங்க, ரெண்டாவது வரியிலயே உங்க வார்த்தை இல்லாத வார்த்தை வந்துடுது. "கையாடல்"னு ஒரு வார்த்தை. தினப்படி பேசறப்போ யாருங்க கையாடல்னு சொல்றாங்க? அந்த ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு, இதை யார் டிக்டேட் பண்ணாங்கன்னு என்கொயரியில கேட்டு நான் அரை மணி நேரம் ஓட்டியிருக்கேன்.

எழுதிக் கொடுத்துட்டா கேஸ் கஷ்டம், அது உண்மை. ஆனா முடிஞ்சு போகல. எப்போ எழுதினீங்க, எவ்வளவு நேரம் உக்கார வச்சாங்க, யார் இருந்தாங்க எல்லாம் கேள்விதான். அன்னிக்கு ராத்திரியே, இல்ல மறுநாள் காலையிலயே, மிரட்டி வாங்கினாங்கன்னு எழுத்துல அனுப்பினா அதுக்கு ஒரு மதிப்பு, ஏழு மாசம் கழிச்சு சார்ஜ் ஷீட்டுக்கு (கம்பெனி கொடுக்கற குத்தச்சாட்டு கடிதம்) பதில்ல முதல் தடவையா சொன்னா மதிப்பு ரொம்பக் கம்மி.

போலீஸ்கிட்ட சொன்னதா இருந்தா இந்தியாவுல ரூப் சிங் நேகி கேஸ் இருக்கு, 2009 தீர்ப்புத் தொகுப்புல வந்தது. பஞ்சாப் நேஷனல் பேங்க்ல ப்யூனா இருந்தவர் மேல டிராஃப்ட் புக் திருட்டுல பங்குன்னு குத்தச்சாட்டு. போலீஸ்கிட்ட கொடுத்ததா சொன்ன வாக்குமூலத்தை அப்படியே என்கொயரியில வச்சு வேலையை எடுத்துட்டாங்க, அந்தக் காகிதத்தை நிரூபிக்க ஒரு சாட்சியும் வரல. காகிதத்தை மேஜையில வச்சா மட்டும் ஆதாரம் ஆயிடாது, சந்தேகம் எவ்வளவு பெருசா இருந்தாலும் அது நிரூபணம் இல்லைன்னு சொல்லி சுப்ரீம் கோர்ட்டு அந்த தண்டனையை ரத்து பண்ணிச்சு.

முக்கியமான சாட்சியை அவங்க கூப்பிடவே இல்லையே?

இதை ரொம்ப நம்பாதீங்க. ஹரியானா அரசு பஸ் கண்டக்டர் கேஸ் (ரத்தன் சிங், 1977) ஒண்ணு இருக்கு. பயணிங்ககிட்ட காசு வாங்கிட்டு டிக்கெட் கொடுக்கலைன்னு செக்கிங் ஸ்க்வாட் புடிச்சாங்க, என்கொயரிக்கு ஒரு பயணி கூட சாட்சி சொல்ல வரல, இன்ஸ்பெக்டர் சொன்னதுதான் சாட்சி. அது போதும்னு சுப்ரீம் கோர்ட்டு சொல்லிடுச்சு. என்கொயரியில சாட்சியச் சட்டம் அப்படியே பொருந்தாது, ஏதோ கொஞ்சம் நம்பத்தகுந்த ஆதாரம் இருந்தா கோர்ட்டு உள்ள பூந்து எடை போடாது.

அப்போ பேங்க் ப்யூன் எப்படி ஜெயிச்சாரு, கண்டக்டர் எப்படி தோத்தாருன்னு கேப்பீங்க. கண்டக்டர் கேஸ்ல ஒரு ஆளாவது வந்து உக்காந்து, நான் பார்த்தேன் விசாரிச்சேன்னு சொன்னாரு. ப்யூன் கேஸ்ல வெறும் பேப்பர். கொஞ்சம் ஆதாரத்துக்கும் ஆதாரமே இல்லாததுக்கும் நடுவுல இருக்கற கோடு அங்கதான் ஓடுது, உங்க கேஸ் அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம்னு வக்கீல்கிட்ட நேரா கேளுங்க, சுத்தி வளைக்காம சொல்றவரா இருந்தா அவரையே வச்சுக்கோங்க.

என் லாக்கர்ல இருந்து எடுத்தாங்க, ஆனா யாரோ வச்சிருக்காங்க. இதை நம்புவாங்களா?

செயின்ஸ்பரீஸ் சூப்பர்மார்க்கெட் கேஸ், இங்கிலாந்து அப்பீல் கோர்ட், 2002. காணாம போன ரேஸர் பிளேடு பாக்கெட் ஒரு பேக்கரி ஊழியர் லாக்கர்ல கிடைச்சுது. யாரோ மாட்டிவிட வச்சுட்டாங்க, மத்தவங்ககிட்டயும் சாவி இருக்குன்னு அவர் சொன்னாரு. கம்பெனி இன்னும் நல்லா விசாரிச்சிருக்கணும்னு கீழ் ட்ரிபியூனல் (வேலை தகராறுகளை விசாரிக்கற தீர்ப்பாயம்) அவர் பக்கம் நின்னுச்சு. அப்பீல் கோர்ட்டு ஒத்துக்கல. ட்ரிபியூனல் தானா இருந்தா எப்படி விசாரிச்சிருக்கும்ங்கறது கேள்வியே இல்ல, ஒரு நியாயமான முதலாளி இந்த அளவு விசாரிச்சிருந்தா போதும்னு நினைக்கறதுக்கு இடமிருக்கா, அதுதான் கேள்வின்னு சொல்லிடுச்சு.

எனக்கு இந்த தீர்ப்பு புடிக்காது, ஆனா அங்க இதுதான் சட்டம். இதுல எடுத்துக்க வேண்டியது, "யாரோ வச்சாங்க"ன்னு பொதுவா சொல்லி நிறுத்தாம, இந்த சாவி யார் யார்கிட்ட இருக்கு, அன்னிக்கு ரெண்டு மணியில இருந்து மூணு மணி வரைக்கும் நான் எங்க இருந்தேன், கூட யார் இருந்தாங்க, அவங்களைக் கேளுங்கன்னு பேரோட எழுதிக் கொடுக்கணும். எழுதிக் கொடுத்தும் கேக்கலைன்னா அப்போ குறை அவங்க மேல.

ரெண்டு பேர்ல யாரோ ஒருத்தர், யாருன்னு தெரியல. ரெண்டு பேரையும் அனுப்பலாமா?

இங்கிலாந்துல அனுப்பலாம்னு தீர்ப்பே இருக்கு. கோரல் ரேசிங்ங்கற பெட்டிங் கம்பெனி, 1980. சேஃப்ல 1,750 பவுண்ட் காணோம், உடைச்ச அடையாளம் இல்ல, திறக்க முடிஞ்சது ரெண்டே பேர். விசாரிச்சும் யாருன்னு தெரியல, ரெண்டு பேரும் அவுட், அது நியாயம்தான்னு அப்பீல் கோர்ட்டு சொல்லிச்சு. உண்மையா விசாரிச்சிருக்கணும், சந்தேக வளையம் சின்னதா தெளிவா இருக்கணும். இருபது பேர் போய் வர்ற குடோனுக்கு இதை இழுத்துட்டு வந்தா நிக்கறது கஷ்டம்.

நான் எடுக்கல, ஆனா எடுத்தது யாருன்னு தெரிஞ்சும் சொல்லலைன்னு அனுப்பிட்டாங்க.

தென்னாப்பிரிக்காவுல இந்த வாதம் நிறைய ஓடுச்சு. 2019-ல டன்லப் கேஸ்ல அவங்க அரசியல் சாசன கோர்ட்டு கடிவாளம் போட்டுச்சு. அது திருட்டு கேஸ் இல்ல, ஸ்ட்ரைக் வன்முறை, யார் பண்ணாங்கன்னு சொல்லலைன்னு கூட இருந்த தொழிலாளிங்களை அனுப்பிட்டாங்க. நம்பிக்கைங்கறது ஒரு பக்கம் மட்டும் ஓடற ரோடு கிடையாது, சொன்னா உயிருக்கு ஆபத்துன்னு இருக்கற இடத்துல பாதுகாப்பு தராம வாயைத் திறன்னு கேக்க முடியாதுன்னு கோர்ட்டு சொல்லிச்சு. திருட்டுக்கும் அதே வாதத்தை வைக்கலாம். ஆனா முதல்ல பார்க்க வேண்டியது, உங்களுக்குத் தெரியும்ங்கறதுக்கே அவங்ககிட்ட என்ன ஆதாரம்?

ரொம்ப சின்ன தொகைங்க, இதுக்கெல்லாமா வேலையை எடுப்பாங்க?

ஜெர்மனியில 31 வருஷம் வேலை பார்த்த ஒரு கேஷியர் அம்மா, யாரோ தொலைச்ச பாட்டில் டெபாசிட் ரசீது ரெண்டை தனக்கு மாத்திக்கிட்டாங்கன்னு 2008-ல அனுப்பிட்டாங்க. 48 சென்ட் ஒண்ணு, 82 சென்ட் ஒண்ணு, மொத்தம் 1.30 யூரோ. நாடே பேசின கேஸ். கீழ ரெண்டு கோர்ட்டுலயும் தோத்தாங்க, 2010 ஜூன்ல உச்ச தொழிலாளர் கோர்ட்டுல ஜெயிச்சாங்க. இத்தனை வருஷமா சேர்ந்த நம்பிக்கை ஒரே ஒரு தப்புல மொத்தமா கரைஞ்சிடாது, எச்சரிக்கை போதும்னு தீர்ப்பு. ஆனா சின்ன தொகைன்னா மன்னிப்புன்னு அந்தக் கோர்ட்டு சொல்லவே இல்ல, அதை நல்லா கவனிங்க.

அதே மாதிரி சின்ன தொகை இந்தியாவுல வேற மாதிரி முடிஞ்சிருக்கு. கர்நாடக பஸ் கண்டக்டர் பையில கணக்கில வராத 93 ரூபாய். கீழ் கோர்ட்டுல வேலை திரும்பக் கொடுத்தாங்க, சுப்ரீம் கோர்ட்டு அதை ரத்து பண்ணிச்சு (2005 தீர்ப்புத் தொகுப்புல வந்தது). தொகை முக்கியமில்ல, பணம் கையாளற ஆள் மேல நம்பிக்கை போச்சு, அவ்வளவுதான்.

என் கணிப்பு: தொகையை வச்சு வாதாடறதை விட சர்வீஸை வச்சு வாதாடுங்க. எத்தனை வருஷம், முன்னாடி மெமோ ஏதும் உண்டா, பணம் இல்லாத வேற டிபார்ட்மென்ட்டுக்கு மாத்தியிருக்க முடியாதா, இதுக்கெல்லாம் நீதிபதி காது கொடுப்பாரு.

சொல்லாம கேமரா வச்சு புடிச்சாங்க, அது செல்லுமா?

ஸ்பெயின்ல ஒரு சூப்பர்மார்க்கெட், 2009. வாசல் பக்கம் கேமராவைத் தெரியற மாதிரி வச்சு, கேஷ் கவுன்ட்டர் மேல மறைச்சு வச்சுட்டாங்க, கேஷியருங்க நிறைய பேர் மாட்டினாங்க. ஐரோப்பிய மனித உரிமை கோர்ட்டோட பெரிய பெஞ்ச் 2019 அக்டோபர்ல கம்பெனி பக்கம் சாஞ்சுது: பலமான சந்தேகம், பெரிய நஷ்டம், பத்து நாள் மட்டும் ஓடின கேமரா, எல்லாரும் வந்து போற இடம். டிரஸ் மாத்தற ரூம்ல வச்சா இந்த தீர்ப்பு உதவாது.

ரிவ்யூக்கும் அப்பீலுக்கும் என்ன வித்தியாசம்?

அப்பீல்னா முடிவு சரியா தப்பான்னு பார்க்கலாம். ரிவ்யூன்னா அந்த முடிவை எடுத்த விதத்தையும், அது நியாயமான வரம்புக்குள்ள இருக்கான்னும் மட்டும் பார்க்கறது. தென்னாப்பிரிக்காவுல 2007 சிடுமோ கேஸ்தான் இதுக்கு அளவுகோல். பிளாட்டினம் சுரங்கத்துல திருட்டைத் தடுக்க எல்லாரையும் சோதனை போட வேண்டிய செக்யூரிட்டி ஆள், சரியா சோதிக்காம விட்டாருன்னு வேலை போச்சு. 15 வருஷம் சுத்தமான சர்வீஸ், அவர் பொய் சொல்லலைன்னு பார்த்து நடுவர் மறுபடி வேலை கொடுத்தாரு. கம்பெனி கடைசி வரைக்கும் போச்சு. நியாயமா யோசிக்கற எந்த நடுவரும் வர முடியாத முடிவா இருந்தாத்தான் தலையிடுவோம், இது அப்படி இல்லைன்னு அரசியல் சாசன கோர்ட்டு சொல்லிடுச்சு.

இந்தியாவுல 1971-ல தொழில் தகராறு சட்டத்துல சேர்ந்த 11ஏ பிரிவு, தண்டனை அதிகம்னா குறைக்கற அதிகாரத்தை லேபர் கோர்ட்டுக்குக் கொடுத்துச்சு. 2025 நவம்பர் 21-ல அமலுக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத்தொகுப்புலயும் ட்ரிபியூனலுக்கு அந்த அதிகாரம் இருக்கு. ஹைகோர்ட்ல ரிட் (கீழ எடுத்த முடிவை எதிர்த்துப் போடற மனு) போட்டா அவ்வளவு இடம் கிடையாது, அங்க சாட்சியை மறுபடி எடை போட மாட்டாங்க. அதனால சண்டையெல்லாம் முதல் படியிலயே போட்டுடணும், ஹைகோர்ட்ல பார்த்துக்கலாம்னு விடறவங்க என்கொயரியிலயே தோத்துட்டு வந்து நிப்பாங்க.

என்கொயரியே நடத்தல, அப்போ கேஸ் ஜெயிச்ச மாதிரிதானே?

அவசரப்படாதீங்க. இந்தியாவுல என்கொயரி கோளாறுன்னு ஆனாலும், கோர்ட்டு முன்னாடியே புதுசா சாட்சி விட்டு நிரூபிக்க கம்பெனிக்கு வாய்ப்பு உண்டு, 1973 ஃபயர்ஸ்டோன் தீர்ப்புல இது தெளிவா இருக்கு. இங்கிலாந்துல 1987 போல்கி தீர்ப்புக்கு அப்புறம் முறையா விசாரிக்காம அனுப்பினா பொதுவா அநியாயம்தான், ஆனா முறையா விசாரிச்சிருந்தாலும் வேலை போயிருக்கும்னு பட்டா நஷ்ட ஈட்டுல கை வச்சுடுவாங்க.

"ரிசைன் பண்ணிடு, ரெக்கார்ட் சுத்தமா இருக்கும்"ங்கறாங்க.

அந்த ரூம்ல வச்சு கையெழுத்து போடாதீங்க. ரிசைன் பண்ணிட்டா அப்புறம் பணிநீக்கமே நடக்கலைன்னு சொல்லிடுவாங்க, கட்டாயப்படுத்தினாங்கன்னு நிரூபிக்கற பாரம் உங்க தலையில. ஒரு நாள் டைம் கேளுங்க, வீட்டுக்குப் போய் யோசிச்சு, அதுக்கப்புறமும் அதுதான் நல்லதுன்னு பட்டா பண்ணுங்க, சில பேருக்கு அது நல்லதாவும் இருக்கலாம்.

எத்தனை நாளுக்குள்ள போகணும்?

ஜெர்மனியில மூணு வாரம். தென்னாப்பிரிக்காவுல நடுவர் ஆணையத்துக்கு 30 நாள், அந்த முடிவை எதிர்த்து ரிவ்யூ போக ஆறு வாரம். இந்தியாவுல பழைய சட்டத்துல மூணு வருஷம் இருந்தது புதுசுல ரெண்டு. ரெண்டு வருஷம் இருக்கேன்னு உக்காந்துடாதீங்க, சாட்சி சொல்றேன்னவர் வேற கம்பெனி போயிடுவாரு.

ஜெயிச்சா முழு சம்பளமும் வருமா?

இந்தியாவுல தப்பா அனுப்பினா வேலையோட பேக் வேஜஸ் (வெளிய இருந்த காலத்துக்கான சம்பளம்)ங்கறதுதான் பொது விதின்னு 2013-ல தீபாலி கேஸ்ல சொல்லியிருக்காங்க. ஆனா அந்த இடைப்பட்ட காலத்துல சம்பளத்துக்கு வேற வேலை பார்க்கலைன்னு நீங்கதான் முதல்ல சொல்லணும், சொல்ல மறந்துட்டு கோட்டை விட்டவங்க உண்டு. நம்பிக்கை போன கேஸ்ல வேலைக்கு பதிலா ஒரு தொகையைக் கொடுத்து அனுப்பறதும் நடக்கும்.

உண்மையிலேயே எடுத்துட்டேன். இப்ப என்ன?

இதையும் கேக்கறாங்க, ராத்திரி பதினோரு மணிக்கு மெசேஜ்ல. பொய் சொல்லாதீங்க. தண்டனை அளவுல மட்டும் வாதாடலாம், சர்வீஸ், சூழ்நிலை, பணத்தைத் திருப்பிக் கட்டினது. மறுத்துட்டு அப்புறம் மாட்டினா அந்தக் கதவும் மூடிடும்.

நான் இப்ப சஸ்பென்ஷன்ல இருக்கேன், இன்னிக்கு என்ன பண்ணணும்?

கேமரா ரெக்கார்டிங்கை முதல்ல புடிங்க. நிறைய இடத்துல கொஞ்ச நாள்லயே பழசு மேல புதுசு பதிஞ்சு அழிஞ்சிடும். இந்த தேதி, இத்தனை மணியில இருந்து இத்தனை மணி வரைக்கும், இந்த இந்த கேமரா, அழிக்காம வையுங்கன்னு இன்னிக்கே மெயில் போடுங்க. அப்புறம் அழிஞ்சு போச்சுன்னா ஏன் அழிஞ்சுதுன்னு கேக்க ஒரு காகிதம் இருக்கும். சார்ஜ் ஷீட் வந்தா தேதி, தொகை, பொருள் எல்லாம் தெளிவா இருக்கான்னு பாருங்க, "பல சந்தர்ப்பங்களில்"னு மொட்டையா இருந்தா எந்த சந்தர்ப்பம்னு கேட்டு எழுதுங்க. என்கொயரியில ஒவ்வொரு நாளும் எழுதற நடவடிக்கைக் குறிப்புல நீங்க சொன்னது இருக்கான்னு படிச்சுட்டு, இல்லைன்னா "நான் சொன்னது சேர்க்கப்படவில்லை"ன்னு எழுதிட்டு கீழ கையெழுத்து போடுங்க, ஏன்னா பின்னாடி கோர்ட்டுல படிக்கப் போறது அந்தக் குறிப்பைத்தான். மெயிலை உங்க சொந்த ஐடியில இருந்து அனுப்புங்க, ஆபீஸ் ஐடியை எந்த நிமிஷம் வேணா லாக் பண்ணிடுவாங்க.